அறுபதுக்கு எழுதியவள்

என் அக்காவுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. இரண்டு வருடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான் என்பது வேறு விஷயம்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. சாலை போடும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாகக் கம்பு பிடிக்கிறாள். கம்பு என்றால் நாலு மீட்டர் உயரத்தில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்ட அளவுக் கம்பு. சர்வேயர் தூரத்தில் முக்காலி மேல் கருவியை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். இவள் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் கம்பில் தெரியும் எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவார். பிறகு இவள் அடுத்த இடத்துக்கு நடப்பாள். இப்படி நின்று நின்று, நடந்து நடந்து, தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிப்பார்கள். அதை வைத்துத்தான் சாலைக்கு மட்டம் கட்டுவார்கள், சாக்கடைக்குச் சரிவு வைப்பார்கள். வேலை இடத்தில் அவளுக்குப் பெயரே கம்பக்காதான். வெயிலில் நின்று முகம் கறுத்துப் போச்சு என்று நான் சொன்னால், "கம்பும் கறுத்துப் போச்சு, அது ஏதாவது சொல்லுதா பாரு" என்பாள்.

சர்வேயர் அவளைவிட ஒன்பது வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இவள் அவரை சார் என்பாள். அவர்தான் ஒரு நாள் நோட்டைப் பார்த்தபடி, "அக்கா, நீங்க ஏன் டிப்ளமா படிக்கக் கூடாது? நான் எழுதறதுக்கு முன்னாடியே நீங்க மனசுல கழிச்சுடறீங்க" என்று வாயைக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அக்கா மாலை வகுப்பில் சேர்ந்தாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள், ஒன்றைத் தவிர. அது அளவைக் கணக்கு. அவள் பதினோரு வருடமாகக் காலால் நடந்து பார்த்த பாடம்.

இங்கே நான் வருகிறேன். நான் அவளுக்கு ஆறு வயது இளையவள். ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற வேலை. பள்ளியிலிருந்தே பரீட்சைப் புலி என்று பெயர் வாங்கியவள். ஒரே கட்டடத்தில் அக்காவும் அத்தானும் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது. எனவே யாரும் கேட்காமலேயே அவளுக்கு வாத்தியாராகிவிட்டேன்.

முதல் தடவை நாற்பத்தேழு வாங்கினாள். தேற ஐம்பது வேண்டும். "மூணு மார்க்தானே, நான் பாத்துக்கறேன்" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். என் முறை எளிமையானது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க், மூன்று மணி நேரம். எல்லாவற்றையும் தொட்டுவிட வேண்டும். எதையும் விடக் கூடாது. அட்டவணைக் கணக்கில் கடைசியில் சரிபார்க்க ஒரு கூட்டல் வரி உண்டு. அதை எழுதினால் ஐந்து நிமிடம் போகும். "அதை விடு, அந்த நேரத்துல அடுத்த கேள்வியை ஆரம்பிச்சிடலாம்" என்று சொன்னேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை விரட்டினேன். அவளும் ஓடினாள். இரண்டாவது தடவை நாற்பத்துநாலு வாங்கினாள்.

நான் சொல்லிக்கொடுத்ததில் மூன்று மார்க் குறைந்தது. அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

"எல்லாம் தெரியுது, ஆனா கோட்டை விட்டுட்டு வந்து நிக்கற. கொஞ்சம் கவனமா எழுதினா என்ன?"

"கவனமாத்தாண்டி எழுதினேன்."

"இன்னும் கவனமா எழுது."

இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வழி தெரியாமல் நிற்பவளிடம் 'இன்னும் நன்றாக வழி தெரிந்துகொள்' என்று சொன்ன மாதிரிதான் அது. ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பெரிய அறிவுரையாகத் தெரிந்தது.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் போனால் இரண்டு வருட வகுப்பையும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சர்வேயர் ஒரு பாலம் கட்டும் வேலைக்காக வேறு ஊருக்குப் போகப் போகிறார். அவர் இடத்துக்கு அக்காவின் பெயரை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். மேலே இருப்பவர்கள், "டிப்ளமா கையில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம்" என்றார்கள். தேறினால் கருவிக்குப் பின்னால் நிற்பாள். தவறினால் புதிதாக வருகிற யாரோ ஒருவருக்கு மறுபடியும் கம்பு பிடிப்பாள். அவளுக்கு இரண்டு முழங்காலும் ஏற்கெனவே வலிக்க ஆரம்பித்திருந்தது. அதை என்னிடம் சொல்லவில்லை. அத்தான் சொன்னார். அத்தான் சிமெண்ட் லாரி ஓட்டுபவர், ஒரு நாளைக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார். அதில் ஒன்றை இதற்குச் செலவு செய்தார் என்றால் வலி சின்ன வலியாக இருக்காது.

அப்புறம் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு தெருவுக்கு மட்டம் எடுத்தார்கள். இவர்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உயரம் தெரிந்த ஒரு கல்லில் ஆரம்பிப்பார்கள். தெரு முழுக்க அளந்து முடித்த பிறகு அப்படியே வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள். அளந்துகொண்டே திரும்பி வந்து அதே கல்லில் முடிப்பார்கள். கிளம்பும்போது கல்லுக்கு என்ன உயரமோ, திரும்பி வரும்போதும் கணக்கில் அதே உயரம் வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் அப்படி இப்படி இருக்கலாம். அதற்கு மேல் போனால் அன்றைய வேலை செல்லாது. அந்தத் திரும்பி வருகிற நடைக்கு யாரும் பாராட்ட மாட்டார்கள். புதிய அளவு ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் ஒரு நாள்கூட அவர்கள் அதை விட்டதில்லை.

அன்றைக்குத் திரும்பி வந்து பார்த்தால் நூறு மில்லிமீட்டர் இடித்தது. சாயங்காலம் ஐந்து மணி, எல்லாருக்கும் களைப்பு. சர்வேயர் தொப்பியைக் கழற்றி, "போச்சு, நாளைக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "சார், சரியா நூறு இடிக்குது. ஏழோ பதிமூணோ இல்ல. கம்பு சாய்ஞ்சிருந்தாலோ முக்காலி அசைஞ்சிருந்தாலோ இப்படி முழுசா வராது. எங்கேயோ ஒரே ஒரு எண்ணை மாத்திப் படிச்சிருக்கோம்."

"எங்கன்னு எப்படிக்கா தேடறது?"

"வேப்பமரத்துக்கிட்ட நான் நின்னப்ப கிளை மறைக்குதுன்னு ரெண்டு தடவை தள்ளி நிக்கச் சொன்னீங்க. அங்கதான் இருக்கும்."

அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்ப அளந்தார்கள். நோட்டில் 1.642 என்று இருந்தது. கம்பில் 1.542 என்று இருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சர்வேயர் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "இப்படி ஒரு தப்பை மோப்பம் பிடிக்கறீங்க. பரீட்சையில மட்டும் எப்படிக்கா நாற்பத்துநாலு?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் இவள் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கீழே போனபோது சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம் பரந்து கிடந்தது. கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்துத் தன் இரண்டாவது விடைத்தாளின் நகலை வாங்கி வந்திருந்தாள். அத்தான் தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போன மார்க்கு ஐம்பத்தாறு. இதுல எனக்கு நிஜமாவே தெரியாததால போனது எவ்வளவுன்னு சொல்லு" என்றாள் அக்கா.

"நாற்பது இருக்கும்" என்றேன்.

"பதினொண்ணு."

நான் நம்பவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஓரிடத்தில் கேள்வித்தாளில் 236 என்று இருந்ததை 263 என்று எழுதிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு பக்கம் முழுக்கப் பிழையில்லாமல் கணக்குப் போட்டிருந்தாள். ஓரிடத்தில் மில்லிமீட்டரையும் மீட்டரையும் ஒன்றாகக் கூட்டியிருந்தாள். ஓரிடத்தில் கழித்தல் குறி அடுத்த வரிக்கு வரும்போது காணாமல் போயிருந்தது. இரண்டு புள்ளிக்கும் நடுவே எவ்வளவு உயர வித்தியாசம் என்று கேட்டதற்கு, ஒரு புள்ளியின் உயரத்தை மட்டும் அழகாக அடிக்கோடு போட்டு எழுதிவிட்டு வந்திருந்தாள். அட்டவணைக் கணக்கில் ஒரு கூட்டல் தப்பு. அந்தக் கடைசிச் சரிபார்க்கும் வரியை எழுதியிருந்தால் அது அங்கேயே பல்லைக் காட்டியிருக்கும். அதை எழுத வேண்டாம் என்று சொன்ன புண்ணியவதி யார் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"தெருவுல நான் ஒரு நாளும் இப்படிப் பண்றதில்ல. ஏன் தெரியுமா? அங்கே தப்பு வந்தா நான்தானே நடக்கணும்? இங்கே யாரும் என்னைத் திரும்ப நடக்க வைக்கறதில்ல. ஒரு பக்கமா போய்க்கிட்டே இருக்கேன்."

"அதுக்கு என்ன பண்ணப் போற?"

"திரும்பி வரப் போறேன்."

அன்றிலிருந்து அவள் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கே எனக்குப் பொறுமை போதவில்லை. கேள்வியைப் படித்ததும் கால்குலேட்டரைத் தொட மாட்டாள். என்ன கேட்கிறார்கள் என்று தன் வார்த்தையில் ஒரு வரி எழுதுவாள். கொடுத்த எண்களை எடுத்து எழுதிவிட்டுக் கேள்வித்தாளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள்.

"என்னடி தூங்கிட்டியா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவள் அக்கா என்றாலும் கோபம் வந்தால் எனக்கு 'டி' வந்துவிடும்.

"இரு. இந்த இடம் எவ்வளவு பள்ளமா இருக்கும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அதாவது, கணக்குப் போடுவதற்கு முன்பே விடை சுமாராக எவ்வளவு வரும் என்று ஓரத்தில் எழுதிவைப்பாள். அப்புறம்தான் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் மீட்டரா, மில்லிமீட்டரா என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதாமல் அடுத்த வரிக்கு நகர மாட்டாள். விடை வந்ததும், அதை வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே போவாள். கொடுத்த எண் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பாள். கிடைக்காவிட்டால் எதையும் அடிக்க மாட்டாள். எவ்வளவு இடிக்கிறது என்று பார்ப்பாள். "சரியா இந்த எண்ணோட ரெண்டு மடங்கு இடிக்குது, அப்போ குறிதான் மாறியிருக்கு" என்று நேராகப் போய் அந்த இடத்தில் விரலை வைப்பாள். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

எல்லாம் சரி, நேரம்? ஒரு கேள்விக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. மூன்று மணி நேரத்தில் மூன்றுதான் முடியும். பயிற்சி செய்யச் செய்ய வேகம் கூடும் என்று நினைத்தேன். கூடியது, ஐம்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்கு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "பரீட்சையில இந்த ஜன்னல் பாக்கற வேலையெல்லாம் வெச்சுக்காதே. அஞ்சையும் தொட்டுடு. சத்தியம் பண்ணு" என்றேன். அவள் சத்தியம் பண்ணவில்லை. "பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம். அது தெரிந்தும் நான் ஏமாந்தேன்.

பரீட்சை அன்று அத்தானுக்கு லாரி இருந்தது, நான்தான் கூடப் போனேன். வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்துக் கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. எனக்கும் உயிர் வந்தது.

"அஞ்சும் எழுதிட்டியா?"

"மூணு."

"என்ன மூணு?"

"மூணு எழுதினேன். ரெண்டைத் தொடல."

அறுபது மார்க்குக்கு எழுதி ஐம்பது வாங்க வேண்டும். பத்து மார்க்குக்கு மேல் ஒரு மார்க் போனாலும் கதை முடிந்தது. அந்தப் பெஞ்சுக்கு முன்னால், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "உனக்கு என்ன பைத்தியமா? கடைசித் தடவைன்னு தெரியுமில்ல? சும்மா நாலு சூத்திரம் எழுதி வெச்சிருந்தாலும் அஞ்சு மார்க் போட்டிருப்பானே!"

அவள் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். "கடைசி நாற்பது நிமிஷம் இருந்துச்சு. நாலாவதை ஆரம்பிச்சிருக்கலாம். நானும் பேனாவை நாலாவதுகிட்ட கொண்டுபோயிட்டேன், நீ சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. ஆனா ரெண்டாவது கேள்வியை மட்டும் கடிகாரத்தைப் பாத்துட்டுத் திரும்பி வராமலே விட்டிருந்தேன். சரி, வந்துட்டுப் போவோம்னு வந்தேன். குழாய்க் கணக்கு. இருநூத்தி ஐம்பது மீட்டர் சாக்கடைக் குழாய், எண்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. ஓரத்துல மூணு மீட்டர் இறங்கும்னு எழுதி வெச்சிருக்கேன். விடையில முப்பத்தோரு மீட்டர்னு இருக்கு. பத்து மாடி ஆழத்துல யாருடி சாக்கடை தோண்டுவா? பாத்தா, நடுவுல ஒரு வரியில எண்பதை எட்டுன்னு எழுதி வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் வர்ற எல்லாமே அந்த எண்ணுலதான் நிக்குது. முழுசா திரும்பப் போட்டேன். மணி அடிச்சுட்டாங்க."

பஸ்ஸில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். ஒரு வாரம் நான் இரண்டாவது மாடியில் நிற்காமல் நேராக மூன்றாவதுக்கு ஏறிப் போனேன். எட்டாம் நாள் அத்தான் படியில் வழிமறித்து, "அவ உன்னைத்தான் தேடறா" என்றார். அன்றைய நாலில் ஒன்று. உள்ளே போனேன். பரீட்சையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வேறு எல்லாவற்றையும் பேசினோம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் முடிவு வந்தது. அவள் தெருவில் கம்போடு நின்றதால் என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தாள். அலுவலகக் கம்ப்யூட்டரில் அவளுடைய பரீட்சை எண்ணை அடித்தேன். அடித்துவிட்டு, அவள் பழக்கம் தொற்றிக்கொண்டதோ என்னவோ, ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினேன்.

ஐம்பத்தெட்டு.

நூறுக்கு எழுதி நாற்பத்தேழு. நூறுக்கு எழுதி நாற்பத்துநாலு. அறுபதுக்கு எழுதி ஐம்பத்தெட்டு. நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். சந்தோஷத்தில் மட்டும் அழுதேன் என்று சொன்னால் பொய். அவள் இரண்டாவது தடவை தோற்றது மூளை இல்லாமல் அல்ல. அவளுக்கு வருகிற வேகத்தில் போகவிடாமல் அவளை விரட்டிக்கொண்டே இருந்தது நான். எனக்கு ஓடித்தான் பழக்கம், அவளுக்கும் அதுதான் சரி என்று முடிவு கட்டிவிட்டேன். போனில் கூப்பிட்டு மார்க்கைச் சொன்னேன். "நம்பரைச் சரியா அடிச்சியா?" என்றாள்.

"சரியாத்தான் அடிச்சேன். அக்கா, என்னை மன்னிச்சுடு. நான்தான் உன்னைக் கெடுத்தேன்."

"ஏண்டி, நீ பரீட்சையில ஜெயிச்ச வழியைத்தானே சொன்ன? எனக்கு அது சேரல, அவ்வளவுதான்." என்றாள். பிறகு, "வாசல்ல கத்தினியே, அதுக்கு வேணும்னா மன்னிப்புக் கேளு. என்கூடப் படிக்கறவங்க எல்லாரும் பாத்தாங்க." கேட்டேன்.

அடுத்த மாத முதல் திங்கட்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போனேன், வேடிக்கை பார்க்கத்தான். சர்வேயருக்கு அது கடைசி நாள். கருவியை முக்காலியில் ஏற்றிவிட்டு அவர் தள்ளி நின்றார். கம்பு பிடிக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தூரத்தில் அவள் கம்பைத் தூக்கி நிறுத்தினாள். அக்கா இந்தப் பக்கம் நின்று குனிந்து ஒரு கண்ணை மூடினாள். நிமிர்ந்ததும் சர்வேயர் புது நோட்டைக் கொடுத்தார். முதல் பக்கத்தின் மேலே 'அளந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருடமாக அவள் நடந்த நடைக்கெல்லாம் அந்தக் கட்டத்தில் வேறு யாருடைய பெயராவதுதான் இருந்திருக்கிறது. அவள் பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்தும் நோட்டை மூடவில்லை. விரலை வைத்து எழுத்தெழுத்தாக, சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.